மிளகுக் கடைக்காரர் வாங்கிய ஸ்கேன் மிஷின்

மாத்தளை மாவட்டத்திலேயே, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் அதிக தடவை ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் யாரென்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன், ஸ்கேன் நானா என்று. பிள்ளைகளே, அப்பா புளுகுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அவரை ஏற்றிக்கொண்டு போனது என்னுடைய திரீவீல். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுத மாட்டேன். நாம் இன்னும் அங்கேதான் மருந்துக்குப் போகிறோம்.

நானாவுக்கு டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. மிளகு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், கடைக் கூரைக்குப் புதுத் தகரம் போடக் காசு ஒதுக்கி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து பங்குத் தரகர் ஒருவர் போன் எடுத்தார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மிஷின் போட்டு நடத்துகிற ஒப்பந்தம் ஒரு கம்பனிக்குக் கிடைத்திருக்கிறது, எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் அரசாங்கம் காசு கொடுக்கும், பங்கு வாங்கினால் லாபம் என்றார். நானா கூரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கூரைக் காசு முழுக்கப் பங்காகிவிட்டது.

பங்கு என்றால் ஒரு கம்பனியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி விற்பது. ஒரு துண்டு வாங்கினாலும் அந்தத் துண்டளவுக்கு நீங்களும் முதலாளி. இதை எனக்குச் சொல்லித் தந்ததே நானாதான். ஆனால் தன்னுடையது எவ்வளவு சின்னத் துண்டு என்பதை அவர் ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நானா மூட்டையின் மேலே கிடக்கிற மிளகை நம்பவே மாட்டார். முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அப்படிப்பட்டவர் முதல் தடவையாகக் கை போட்டுப் பார்க்காமல் ஒரு சாமான் வாங்கியிருக்கிறார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் திரீவீலில் ஏறி உட்கார்ந்தார்.

"எடு தம்பி. என்ட மிஷினப் பாத்துட்டு வருவோம்."

ஸ்கேன் அறை வாசலில் காவலாளி விடவில்லை. பங்குக்காரர் என்று சொல்லிப் பார்த்தார். நோயாளி மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார் காவலாளி. அதனால் நானா நோயாளியானார். அடுத்த நாள் நம்பர் துண்டெடுத்து, வரிசையில் நின்று, முழங்கால் வலி என்றார். டொக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார். அடுத்த கிழமை தலைசுற்று. டொக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து, சீனியைக் குறைக்கச் சொன்னார். மூன்றாம் தடவை எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, ஸ்கேனுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு இடம் நீங்களே சொல்லுங்கள் என்றிருக்கிறார். டொக்டர் அவரை வெளியே அனுப்பினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு வாங்கு கிடந்தது. நானா அதில் உட்கார்ந்து, எத்தனை பேர் படம் எடுக்க உள்ளே போகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார். கூட்டம் என்றால் முகம் மலரும். கடைப் பழக்கம் விடுமா? வெளியே வருகிறவர்களுக்கு இஞ்சி டொபி கொடுத்து, சந்தோஷம், இனியும் வாங்க என்று வழியனுப்புவார். பலருக்கு அது விளங்கவில்லை. எல்கடுவ தோட்டத்து வள்ளியம்மா அக்காவுக்கு விளங்கியது. அவருக்குத் தலைக்குள்ளே ஒரு சின்னக் கட்டி. அது வளர்கிறதா என்று நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"இனியும் வரவா? ஒங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்கணும் மொதலாளி," என்றார்.

நானா இன்னொரு டொபி கொடுத்தார். அதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வாங்கில் அரட்டை.

ஒரு நாள் போனால் கதவில் கடதாசி ஒட்டியிருந்தது. மிஷின் பழுது. ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது, கடதாசி மஞ்சளானது. வள்ளியம்மா அக்கா படம் எடுக்க வேண்டிய நாளும் தாண்டிவிட்டது. படம் இல்லாமல் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. காசு கொடுத்துக் கண்டியில் எடுக்க அக்காவால் முடியாது. நானா தரகருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். தரகர் சிரித்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் இது, முறைப்பாடு ஒன்றும் மேலே போகாவிட்டால் பங்கு நன்றாக ஏறும், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றார்.

அடுத்த நாளே வள்ளியம்மா அக்கா கடைக்கு வந்தார், கையில் எழுதாத கடதாசியோடு.

"சுகாதார அமைச்சுக்கு முறைப்பாடு எழுதணும். ஒங்க கம்பனிதான்னு தெரியும். ஆனா சிங்களத்துல நல்லா எழுத எனக்கு வேற யாரு இருக்கா?"

நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். மெதுவாக, கூரையைக் காட்டி நானாவுக்குச் சைகை செய்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்தார்.

"மேல நல்ல மொளகப் போட்டு அடியில பூஞ்சைய மறைக்கிறவன நான் கடைக்குள்ள எடுத்ததில்ல. என்ட கம்பனி எண்டா மட்டும் எடுக்கணுமா? கடதாசியத் தாங்க."

இரண்டு பக்கம் எழுதினார். முதல் கையெழுத்து அவருடையது. பெயருக்குக் கீழே, பங்குதாரர் என்று கொட்டை எழுத்தில் போட்டார். பிறகு என் திரீவீலில் எல்கடுவ தோட்டத்து லய வீடுகளிலிருந்து நாவுல சந்தை வரைக்கும் கையெழுத்து வாங்கினோம். போன இடமெல்லாம், கம்பனி நல்ல கம்பனி, ஆனால் கையெழுத்தைப் போடுங்கள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

முறைப்பாடு போய்ச் சேர்ந்ததும், மிஷினுக்கு மாதக்கணக்காக வராத உதிரிப்பாகம் ஒரு கிழமையில் வந்தது. வள்ளியம்மா அக்காவுக்குப் படம் எடுத்தார்கள். ஒப்பந்தமோ வேறு கம்பனிக்குப் போனது. நானாவின் பங்கு விலை விழுந்த வேகத்தில் தரகருக்கு இருமலே வந்துவிட்டது. போனில் அவர் திட்டியது தெரு வரைக்கும் கேட்டது. நானா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"கட்டி வளரல்லயாம்," என்றார்.

தரகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கட்டி என்று அவர் கேட்கக் கேட்க, நானா போனை வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, நீங்கள் வளர்ந்து சம்பாதிக்கும்போது, எந்தக் கம்பனியில் காசு போடலாம் என்று ஸ்கேன் நானாவிடம் மட்டும் கேட்காதீர்கள். மற்ற எதுவானாலும் முதலில் அவரிடம் போங்கள்.