வேண்டாத மடல்களை ஒழித்த நாடு

மடல்வள நாட்டில் குடிமக்களுக்குக் குறை என்று எதுவும் இல்லை. ஓலைகள்தான் கொஞ்சம் கூடுதல். வாசலுக்கு ஒரு மடல்பானை கட்டாயம் என்பது சட்டம். அதில் யார் வேண்டுமானாலும் ஓலை போடலாம் என்பதும் சட்டம். போட்டார்கள் ஐயா, போட்டார்கள்! வழுக்கையில் முடி முளைக்கும் தைலம், மூன்றே நாளில் ராஜயோகம், அமைச்சரின் மைத்துனருக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று பானை தினமும் நிரம்பி வழிந்தது.

ஆப்பக்கடை பூவாயிக்குத் தலைவலி இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தங்கை மருதாயிக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். தாயில்லாத பெண். "நாள் நெருங்குனதும் ஓலை அனுப்புறேன், வந்துடுக்கா" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒற்றை ஓலை இந்தக் குப்பையில் தவறிவிட்டால்? பூவாயி கடையைச் சாத்தினாள். நேரே மடல்துறை அமைச்சர் கம்பீரநாதரிடம் போய் நின்றாள்.

"கவலை வேண்டாம் அம்மணி. வேண்டாத மடல் அனுப்புகிறவருக்கு, 'வேண்டாம்' என்று தாங்கள் ஒரு மடல் எழுதினால் போதும். இதுவே அரசாணை" என்றார் அமைச்சர்.

நாற்பது பேருக்கு எழுதினாள். மறுநாள் நானூறு ஓலை வந்தது. இந்த வீட்டில் ஓலையைப் பிரித்துப் படிக்கிற ஆள் இருக்கிறது என்று வியாபாரிகளுக்குத் தெரிந்துபோனதே!

"நல்லாருக்குங்க உங்க ஆணை! நான் ஆப்பம் சுடுறதா, ஓலை பொறுக்குறதா?" என்று மீண்டும் போய்க் கத்தினாள்.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "இனி எல்லா மடல்களையும் அரசே படித்துச் சலிக்கும். 'உடனே' என்று அவசரப்படுத்தும் மடல்கள் குப்பைமேட்டுக்குப் போகும். அரசு முத்திரை பெற்றவை தடையின்றி வரும்."

முத்திரை யாருக்குக் கிடைத்தது? தைலக்காரருக்கும் ஜோசியருக்கும் மைத்துனருக்கும்தான். பானை முன்போலவே நிரம்பியது. தங்கையின் ஓலை மட்டும் வரவில்லை.

எட்டாம் நாள் ஆப்பச்சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "ஐயையோ! பிரசவத்துக்குக் கூப்பிடுறவ 'உடனே வா'ன்னு எழுதாம வேற எப்படி எழுதுவா?"

குப்பைமேட்டில் பாதி ஊர் குனிந்து கிளறிக்கொண்டிருந்தது. "வந்துட்டியா பூவாயி? ஊருச் சேதியெல்லாம் இங்கதான் இருக்கு" என்று சிரித்தார் பக்கத்து வீட்டுக் கொல்லர், மகனின் கல்யாண ஓலையைத் தூசி தட்டியபடி. மன்னருக்கு மக்கள் எழுதிய விண்ணப்பங்களும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு வாரமாக நாட்டில் ஒரு புகாரும் இல்லை என்று நேற்றுதான் மன்னர் விழா எடுத்திருந்தார்.

ஒருவழியாகத் தங்கையின் ஓலை கிடைத்தது. மூன்று நாள் பழையது. 'அக்கா, உடனே வா. இரட்டைப் பிள்ளை என்கிறாள் மருத்துவச்சி. கண் பட்டுவிடும், யாரிடமும் சொல்லாதே.'

படகைப் பிடித்து, விழுந்தடித்து ஓடினாள். நல்லவேளை, அப்போதுதான் வலி எடுத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் மூக்கும் முழியுமாக! பூவாயி சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

வெந்நீர் எடுக்க வெளியே வந்தவள் வாசல் பானையைப் பார்த்தாள். இரட்டைத் தொட்டில் மலிவு விலையில். இரட்டைக் குழந்தைக்கு வளையல். மேலாக, அமைச்சரின் முத்திரையோடு ஒன்று: 'பிறக்கவிருக்கும் இரு குடிமக்களுக்கும் அரசின் வாழ்த்துகள்.' தேதி, மூன்று நாளுக்கு முந்தையது.

"ரெட்டைன்னு யாருகிட்டடி சொன்னே?" என்றாள் உள்ளே பார்த்து.

"உனக்கு மட்டுந்தான்க்கா எழுதுனேன்."