ஒரு நிமிஷச் சத்தம்

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர்கூடக் கத்தவில்லை. ஊர் உலகத்தில் நடக்குமா இப்படி? டேப்ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்ற ஆஷ்லினுக்கு அழுகை அழுகையாக வந்தது.

கல்லூரியில் இதழியல் படிக்கிற பெண் அவள். பல நாட்டு ஒலிக்கலைகளைப் பற்றித் தன் எண்ணங்களை எழுதி, கூடவே சொந்த ஊரின் சத்தத்தையும் ஒரு நிமிஷம் பதிவு செய்து நாளைக்குக் கொடுக்க வேண்டும். கட்டுரை தயார். ஜப்பானில் பானையை மண்ணுக்குள் கவிழ்த்துப் புதைத்து, அதற்குள் சொட்டும் தண்ணீரைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், மங்கோலியாவில் ஒரே தொண்டையில் இரண்டு குரல் பாடுகிறார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, 'அவர்கள் சத்தத்தைத் தேடிப் போகிறார்கள்; மதுரையில் சத்தம் நம்மைத் தேடி வரும்' என்று ஜம்பமாக முடித்திருந்தாள்.

போன தடவையே இந்தப் பாடத்தில் தேறவில்லை. மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருக்கும் அப்பா தனிஸ்லாஸ், "ரெக்கார்டு பண்றதுக்கெல்லாம் ஒரு படிப்பா? இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம டீச்சர் ட்ரெயினிங் சேந்துரு" என்று சொல்லிவிட்டார். எங்கெங்கே போய்ப் பதிவு செய்யப் போகிறாள் என்று நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ஆசையாகச் சொன்னதற்கும் "ம்" என்றதோடு சரி. ரசத்தைக் குடித்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

திருநெல்வேலி வண்டிக் கண்டக்டரிடம் போய், எப்போதும் போலக் கூவுங்கண்ணே என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஒவ்வொரு பயணியின் காதருகிலும் போய் ஊர்ப்பெயரை ரகசியம் போலச் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரல் எட்டாத நாலு பேர் ராஜபாளையம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை இறக்கப்போய் இரண்டு கண்டக்டருக்கும் சண்டை மூண்டது. அப்பாடா என்று ஆஷ்லின் மைக்கை நீட்டினால், சட்டையைப் பிடித்தபடியே இரண்டு பேரும் கிசுகிசுவென்று திட்டிக்கொண்டார்கள். மைக்கைப் பார்த்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

தலையில் அடித்துக்கொண்டு திருமங்கலம் சந்தைக்குப் போனாள். அங்கே புளி விற்கிற சின்னத்தாய் விலையை விரல் மடக்கிக் காட்டினாள். வாங்க வந்தவளும் விரலாலேயே பேரம் பேசினாள். ஆட்டு வியாபாரி ஒருவர் குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களுக்கெல்லாம் என்ன கேடு வந்தது என்று ஆஷ்லின் பொறுக்கமாட்டாமல் கத்த, பத்துப் பேர் சேர்ந்து அவளையே "உஷ்" என்று அடக்கினார்கள். காலையிலிருந்து உருப்படியாகப் பதிவானது அந்த "உஷ்" ஒன்றுதான்.

கடைசி நம்பிக்கை கோச்சடை மொக்கையன். வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர்; விசேஷங்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் வைத்து ரேடியோ செட் கட்டுகிறவர். போலீஸே வந்து சொன்னாலும் சத்தத்தைக் குறைக்காத மனுஷர். அன்றைக்கு அங்கே ஒரு காதுகுத்து. பந்தலில் எல்லோரும் வாயைத் திறக்காமல் அப்பளத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். குழாய் ஸ்பீக்கரின் வாயில் சாக்கைத் திணித்து வைத்திருந்தார் மொக்கையன்.

ஆஷ்லின் அவரிடம் ஓடினாள். "அண்ணே, நான் இந்த ஊருக்கு என்ன பாவம் பண்ணுனேன்? ஒரு நிமிஷச் சத்தம் இல்லாம நாளைக்குப் போனா என் படிப்பே போச்சு. எங்கப்பாவுக்கு நான் படிக்கிறதே பிடிக்கல. நிறுத்துறதுக்கு எப்படான்னு காத்துக்கிட்டு இருக்காரு. நீங்களாச்சும் ஒரு பாட்டைப் போடுங்க."

மொக்கையன் டேப்ரிக்கார்டரை எட்டிப் பார்த்தார். ஓடவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பிடிக்கலையா? 'என் மக ரெக்கார்டு பண்ண வருது, இடையில சத்தம் விழுந்தா கெட்டுப்போயிரும், ஒரு ஈ எறும்பு சத்தம் போடக் கூடாது'ன்னு விடியுமுன்ன வந்து என் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டு, மாட்டுத்தாவணியிலயும் திருமங்கலத்துலயும் சொல்லிட்டு வாரேன்னு டிவிஎஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போன மனுசன், இன்னும் சாப்பிடக்கூட வரல பாப்பா."