படியேறாத பேங்க் ஆபீசர்

காதர் பாய் சொன்ன இந்தக் கதையை நான் பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. பேங்க் ஆபீசருக்கு முட்டி வலியாம். அதனால் படியேறாமல், ரோட்டில் நின்றபடியே எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, போதும் என்றாராம். பாய் என்னிடம் பொய் சொல்கிறவர் இல்லை. எனக்குத்தான் சந்தேகப் புத்தி. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். வீட்டில் இருக்க வேண்டும்.

மகளுக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பீஸ் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கல்விக் கடன் கேட்டு பேங்குக்கு நடந்தேன். பழைய மேனேஜர் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றார். அவருக்கு மாற்றல் வந்தது. புது மேனேஜர் பார்க்கலாம் என்றார். கவுன்ட்டரில் இருந்த அம்மா, இந்த வருஷம் மெடிக்கலுக்குத் தருகிறார்களா என்பதே தெரியவில்லை என்றார். கடைசியில், செவ்வாய்க்கிழமை ஆபீசர் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார், அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் எல்லாம், எங்கேயும் போய்விடாதீர்கள் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மனைவியும் மகளும் வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் போய்விட்டார்கள். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற நான், லீவு சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

தப்பு அங்கேதான். சும்மா உட்கார்ந்தால் எனக்கு யோசனை வரும்.

கடன் தேவைப்படுகிற வீடாகத் தெரிய வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டுகிற வீடாகவும் தெரிய வேண்டும். டிவியைத் தூக்கி உள்ளறையில் ஒளித்தேன். டிவிகூட இல்லாதவன் எப்படிக் கட்டுவான் என்று தோன்றியது. திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். சுவரில் ஓதம் ஏறி உதிர்ந்த இடத்தை காலண்டர் மாட்டி மறைத்தேன். நம் கஷ்டத்துக்கு இருக்கிற ஒரே சாட்சியை ஏன் மறைக்கிறோம் என்று காலண்டரைக் கழற்றினேன்.

அடுத்து, வருகிறவருக்குக் குடிக்க என்ன கொடுப்பது? வெறும் தண்ணீர் என்றால் பரம ஏழை. ஆப்பிள் ஜூஸ் என்றால் கடன் எதற்கு? இரண்டுக்கும் நடுவில் பன்னீர் சோடா என்று முடிவுக்கு வந்தேன். தெருக்கடையில் இல்லை. டோல்கேட் வரை போய் வாங்கினேன். திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ரோட்டைக் கடக்கவே விடவில்லை.

வந்து பார்த்தால் வாசலில் காதர் பாய். எங்களுக்குக் கீழ் வீடு, அவருக்குச் சொந்தம். காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிறவர். விடியலிலேயே வியாபாரத்தை முடித்துக்கொண்டு வெயில் ஏறுமுன் வந்துவிடுவார். முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

“ஒர்த்தன் வந்தான் நைனா. தோள்ல பையி, கைல போனு, உன் பேர கேட்டுகினு. அப்டி ஒரு ஆளே இங்க இல்லன்ட்டேன். நீ பேஜாராவாத.”

எங்கள் தெருவில் பையோடு வந்து பேர் சொல்லிக் கேட்டால் அவன் வசூல்காரன். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. முன்பு ஒருமுறை பாயைத் தேடி ஒருவன் வந்தபோது, அவர் நாகூருக்கே குடிபோய்விட்டார் என்று நானே சொல்லி அனுப்பினேன். பாய் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கான நன்றியைத்தான் இப்போது காட்டியிருக்கிறார்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர் வசூல்காரர் இல்லை, பாப்பா படிப்புக்காக பேங்கிலிருந்து வந்தவர் என்றேன்.

பாய் உடனே மொபெட்டை உதைத்தார். “நீ மேல போய் குந்து. நான் கூப்டாம கீழ எறங்காத.”

மேலே போய் சோடா பாட்டிலோடு குந்தினேன். கொஞ்ச நேரத்தில் கீழே பாய் வீட்டில் விருந்தாளி வந்த சத்தம். நாற்காலி இழுபட்டது. தட்டும் டம்ளரும் உரசின. பக்ரீத்துக்காக அவர் வளர்த்த ஆடு கத்தியது. யாரோ சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே என் மகள் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் விருந்தாளியைக் கவனிக்கிறார்.

ஒருவழியாகப் பாய் மேலே வந்தார். பஸ் ஸ்டாப்பில் ஆபீசரைப் பிடித்துவிட்டாராம். முட்டி வலி கதையை அப்போதுதான் சொன்னார். “வூடு ஷோக்கா கீதுன்னு சொல்ட்டு பூட்டாரு” என்றவர், பன்னீர் சோடாவை எடுத்து அவரே குடித்தார்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். பேங்க் மாடியில் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒருவர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிப் போனார். உள்ளே போனால், வீடு பார்க்க வந்த ஆபீசரே அவர்தான்.

பாரத்தில் என் பேரைப் பார்த்தார். “பொண்ணோட அப்பா நீங்கதானா? உங்க அண்ணன் சௌக்கியமா?”

எனக்கு அண்ணன் கிடையாது. “சௌக்கியம் சார்.”

“ஆடு?”

“நல்லா சாப்பிடுது சார்.”

பீஸ் கட்டியாயிற்று. மகள் இப்போது ஹவுஸ் சர்ஜன். தவணையும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் அந்த டிவியும் காலண்டரும் ஓதமும் இத்தனை வருஷமாக மனதை விட்டுப் போகவில்லை.

போன வாரம் மகள் பாய்க்கு பிரஷர் பார்த்தாள். கையில் பட்டை சுற்றியிருந்தது, எழுந்து போக முடியாது. பேசாமல் இருங்கப்பா என்று அவள் சொல்லச் சொல்ல, கேட்டே விட்டேன்.

“அன்னிக்கு அவருக்கு உங்க வூட்டத்தான் காட்னீங்கன்னு தெரியும் பாய். எங்க வூட்டுக்கு இன்னா கொறச்சல்?”