ஏழாம் புத்தகத்து நாய்

முழுசாக இல்லாத எதையும் செட்டு பாய் தன் வாழ்நாளில் மதித்ததில்லை. டீக்கடையில் அரை டீ சொல்ல மாட்டார். பாதி கிழிந்து தொங்கும் போஸ்டரைக் கண்டால் மீதியையும் கிழித்துவிட்டுத்தான் நகர்வார். விருத்தாசலம் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணுவார். நடுவில் யாராவது வணக்கம் வைத்து எண்ணிக்கை தவறிவிட்டால் அடுத்த கூட்ஸ் வரும்வரை அங்கேயே நிற்பார். வணக்கம் வைத்தவரையும் நிறுத்தி வைப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பின்னால், நான் செராமிக் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு பொம்மைக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, பாய் அங்கே பேக்கிங் ஷெட்டுக்குத் தலைவர். கொலுவுக்குப் போகிற கல்யாண செட், கச்சேரி செட், கிரிக்கெட் செட் எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் அட்டைப்பெட்டிக்குள் போக வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டருக்கு மட்டும் தெரியும்.

சேர்ந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் தகராறு. கல்யாண செட்டில் புரோகிதருக்கு மூக்கு நுனி உடைந்திருந்தது. பாய் மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக்காரர், சமையல்காரர் எல்லோரையும் திரும்ப ரேக்குக்கு அனுப்பிவிட்டார்.

"மூக்குதானே பாய், பசை போட்டு ஒட்டிடலாமே" என்றேன்.

"மூக்கில்லாத ஐயரு பண்ணிவச்ச கல்யாணம் செல்லுமா தம்பி?"

டிப்ளமாவை மறந்துவிட்டு, மூக்குள்ள புரோகிதர் ஒருவரைத் தேடி ரேக்குக்குப் போனேன்.

பாய்க்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. துபாயில் ஒரு வீடியோ கடையின் குடோனில் இருந்தவர். அந்தக் கடையை மூடியபோது முதலாளி, "ஆளுக்கு வேணுங்கிறத எடுத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் டிவியைத் தூக்கினார்கள், ஃபேனைக் கழற்றினார்கள். நம்மவர் ஜப்பான் கார்ட்டூன் டிவிடி மூன்று அட்டைப்பெட்டி எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க ஒடையாம முழு செட்டா இருந்தது அது ஒண்ணுதான்" என்றார். ஊருக்கு வந்து இறங்கியதும் அவர் சம்சாரம் சொன்ன வார்த்தை மங்கலம்பேட்டை கடைத்தெருவில் ரொம்ப நாள் ஓடியது: "ஊர்ல உள்ளவன்லாம் பொட்டி தொறந்தா செண்ட்டு வாசன வருது. எங்க வூட்ல தொறந்தா பொம்மப் படம் வருது."

படமும் வரவில்லை என்பதுதான் உண்மை. துபாய் டிவிடி நம் ஊர்ப் பிளேயரில் ஓடாது, நாட்டுக்கு நாடு பூட்டுப் போட்டிருக்கிறான் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நாலு மாதம் பாய் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பூரிலிருந்து வந்த ஒருவர் ரிமோட்டில் ஏதோ நம்பரைத் தட்ட, பூட்டு திறந்துகொண்டது. இருபத்தாறு தட்டு உள்ள செட்டில் பத்தொன்பதாவது தட்டில் கீறல். பாய் பதினெட்டோடு நிறுத்திவிட்டார். கீறலுக்குப் பிறகு இருந்த ஏழு தட்டை இன்றுவரை அவர் பார்க்கவில்லை.

டிவிடியில் ஆரம்பித்தது, புத்தகத்துக்கு வந்தது. ஜப்பான்காரனின் படக்கதைப் புத்தகத்துக்கு மாங்கா என்று பெயர். ஷெட்டில் இருந்த பன்னிரண்டு பெண்களும் இதைச் சொல்லிச் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. துபாயில் இருந்த தங்கச்சி மகன் மூலமாகப் பதினெட்டுப் புத்தகம் கொண்ட ஒரு செட் இங்கிலீஷில் வந்து சேர்ந்தது. வீட்டில் வைத்தால் அடுப்புக்குப் போகும் என்று சம்சாரம் எச்சரித்திருந்ததால், பேக்கிங் ஷெட்டு ரேக்கில் வைக்கோல் பரப்பி, பொம்மையை வைப்பது போல வைத்தார்.

பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த ஷெட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் நான் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாகிவிட்டது. என் படிப்பின் மீது எனக்கிருந்த மரியாதையில், ஒரு வார்த்தைகூட விடாமல் மொழிபெயர்ப்பேன் என்று அறிவித்தேன்.

முதல் நாளே மானம் போனது. எரிந்துபோன கிராமம் மெல்ல மெல்ல அணைந்தது. செத்துக் கிடந்தவர்கள் எழுந்து சண்டை போட்டார்கள். சண்டை முடிந்து எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பாய் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார்.

"டிப்ளமா தம்பி, இது வலது பக்கம் தொறந்து படிக்கிற பொஸ்தகம். கடைசியிலேந்து ஆரம்பிச்சிட்ட!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

"அஞ்சு வயசுலேந்து அரபிப் பாடம் ஓதுனவன். எங்களுக்கு எல்லாம் அந்தப் பக்கம்தான்."

அதன்பிறகு புத்தகத்தை அவர்தான் பிடிப்பார், அவர்தான் புரட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். புதுப் புத்தகத்தை அவரைத் தவிர யாரும் முதலில் திறக்கக் கூடாது என்பதும் சட்டம்.

கதை இதுதான். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் பனியில் நடக்கிறாள். கூட ஒரு கறுப்பு நாய். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் அவள் பொன்னி, நாய் கறுப்பன் என்று அம்சாக்கா பெயர் வைத்துவிட்டாள். அம்சாக்காதான் ஷெட்டில் எல்லோருக்கும் மூத்தவள். அவள் வைத்தால் வைத்ததுதான். ஆறாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆற்றுப் பனி உடைந்து கறுப்பன் தண்ணீருக்குள் போகிறது. பொன்னி அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஏழாம் புத்தகத்தைத் தேடினால் அந்த இடத்தில் ஆறாம் புத்தகமே இன்னொன்று இருந்தது. கடைக்காரன் தவறாகப் போட்டுவிட்டான்.

"எட்டு இருக்குதுல்ல பாயி, அதத் தொறங்க. நாயி உள்ள இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடும்" என்றாள் அம்சாக்கா.

"ஒன் பெரிய பொண்ணு பொறக்காமயே சின்னப் பொண்ணு பொறந்துட்டாளா? ஏழு இல்லாம எட்டு ஏது?"

அட்டைப் படம் காட்டிக்கொடுத்துவிடும் என்று எட்டு முதல் பதினெட்டு வரைக்கும் நியூஸ்பேப்பர் சுற்றினார். ஏழின் இடத்தில், காது உடைந்து கழிக்கப்பட்ட ஒரு செராமிக் நாய்ப் பொம்மையை வைத்தார். ஒன்றரை வருடம் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. இடையில் அந்தத் தங்கச்சி மகனுக்கு நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளை துபாயில் நண்பன் ரூமில் ஏழாம் புத்தகத்தைப் படித்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, தாய்மாமனான பாய் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை கட்டிப்பிடிக்க வந்தபோது, "எதுவும் பேசாத, நல்லா இரு" என்று தள்ளி நின்றே துஆ செய்தாராம்.

அம்சாக்கா வேறு வழியில் போனாள். குறை இருந்தால் தாளில் எழுதி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். காணாமல் போன மாட்டுக்கும், ஓடிப்போன மருமகனுக்கும் கட்டுவார்கள். அவள் கறுப்பனுக்குக் கட்டினாள். எழுதிக் கொடுத்தவன் நான். "மேற்படி நாய் ஆற்றில் விழுந்த நிலையில் உள்ளது. சாமி தலையிட்டு உயிரோடு மீட்டுத் தர வேண்டும்" என்று மனுப் போலவே எழுதினேன்.

"நாயி எந்த ஊருன்னு போடு. சாமி எங்க போயித் தேடும்?" என்றாள்.

ஜப்பான் என்று போட்டேன்.

கடைசியில் ஏழு வந்தது. துபாய்க்குத் திரும்பிப் போன புது மாப்பிள்ளையே வாங்கி ஒரு ஆள் மூலம் அனுப்பியிருந்தான். பெட்டிக்குள் பக்கத்திலிருந்த தலைவலித் தைலப் பாட்டில் உடைந்து, பசை இளகி, தாள் தாளாகக் கழன்றிருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி என்னிடம் கொடுத்தார். "பைண்டிங் கடையில குடு. நீயும் பாக்காத."

நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது பைண்டர் பேப்பரில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

"எவனோ மடையன் மொத்தத்தையும் தலைமாடு கால்மாடா கோத்து வச்சிருந்தான் தம்பி. நம்பரு பாத்து ஒழுங்கா அடுக்கி, தச்சிக் குடுத்திருக்கேன். இனிமே யார் வேணா படிக்கலாம்."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நம் புத்தகத்தைப் போல இடது பக்கம் திறக்கிற மாதிரி, முதல் பக்கத்தை இடது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார் மனிதர்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு பெண்களும் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பாய் கை கழுவி, துண்டில் துடைத்து, பழக்கப்படி வலது பக்கம் திறந்தார். அந்தப் பக்கத்தில் இப்போது இருந்தது கடைசிப் பக்கம்.

பனி மேடு ஒன்று. அதன் மேல் கழுத்துப்பட்டை. தூரத்தில் பொன்னி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் காத்திருந்ததை பாயும் பக்கத்திலிருந்த நானும் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டோம். பாய் புத்தகத்தை மூடினார். கண்ணைத் துடைத்தார்.

"இன்னா பாயி?" என்றாள் அம்சாக்கா.

"தைலம். இன்னும் நெடி அடிக்குது."

"நாயி இன்னா ஆச்சி?"

பாய் அவளைப் பார்த்தார். பிறகு ரேக்கைப் பார்த்தார்.

"பொழச்சிக்கிச்சிம்மா."

"படிச்சிக் காட்டுங்க."

"தாளெல்லாம் ஒட்டிக் கெடக்குது. வூட்ல வச்சிப் பிரிச்சிக் கொண்டாரேன். வேணும்னா தம்பியக் கேளு. டிப்ளமா தம்பி, நீயும் பாத்தல்ல?"

ஒரு வார்த்தைகூட மாற்றிப் படிக்காதவன் என்று ஷெட்டு முழுக்க எனக்குப் பெயர். பன்னிரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பொழச்சிக்கிச்சுக்கா" என்றேன்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் பாய் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "சாமிகிட்ட பிராது குடுத்துட்டு ஒக்காந்திருக்குது அந்தப் பொம்பள. அதுகிட்டப் போயி எப்பிடிச் சொல்றது?"

அம்சாக்கா அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய், குறை தீர்ந்தது என்று பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல், பாய்க்கு மட்டும் தனியாக பேக்கரி கேக். பாய் கேக்கை அப்படியே காகிதத்தில் சுற்றி மூடி வைத்தார்.

ஏழாம் புத்தகம் ஷெட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. அது மங்கலம்பேட்டையில் பீரோவுக்குள் போனது. ரேக்கில் அந்த இடத்தில் பழையபடி காது உடைந்த நாய். புரோகிதர் மூக்குக்காக ஒரு கல்யாணத்தையே நிறுத்திய மனிதர், "செட்டு முழுசாயிடிச்சி, எட்ட எடு" என்று கூசாமல் சொன்னார்.

எட்டில் எந்தப் படத்திலும் நாய் இல்லை. எப்படி இருக்கும்?

"கறுப்பனக் காணோமே பாயி?"

"படத்துக்கு வெளிய நிக்குதும்மா. இந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள எல்லாத்தையும் வரைய முடியுமா?"

ஒன்பதிலும் வெளியேதான் நின்றது. பத்தில் அம்சாக்கா சந்தேகப்பட்டாள். "எந்நேரமும் வெளியவே நிக்குதே, குளுராது? ஒரு சத்தத்தையும் காணோம்?"

பாய் பக்கத்தைப் புரட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பதினெட்டாம் புத்தகம் முடியும்வரை பக்கத்துக்கு ஒரு தடவை குரைத்தேன். நான் குரைக்கும்போதெல்லாம், அம்சாக்காவுக்கும் முந்தி முகம் மலர்ந்தவர் செட்டு பாய்தான்.