முன்னங்கால் மக்கர்

டெல்பர்ட் ஏழாவது முறையாகப் பொத்தானை அழுத்தினார். உள்ளே எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ட்ரெய்லர் வீட்டின் முன்னங்கால்கள் இரண்டும் ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

அந்தக் கால்கள் இன்னும் ஒரு சாண் நீண்டு வீட்டின் மூக்கைத் தூக்கிக் கொடுத்தால்தான் அதை இழுக்கும் பிக்கப் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிவந்து மாட்ட முடியும். மாட்டினால்தான் கிளம்ப முடியும். பதினோரு மணிக்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்பது சக்கர வீடுகள் வந்து தங்கும் அந்த அரிசோனா முகாமின் சட்டம். அப்போது மணி ஒன்பது.

“என்ன ஆச்சு?” என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் அவர் மனைவி ஆர்லீன்.

“ஒண்ணுமில்ல. ரெண்டே நிமிஷம்.”

“அவசரமில்ல டெல்பர்ட். மெதுவாப் பாரு.”

அவசரமில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே அவளுக்கு எவ்வளவு அவசரம் என்பது டெல்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. நாற்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு இதுகூடத் தெரியாதா?

ஆர்லீன் மினசோட்டாவில் முப்பத்து நான்கு வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தாமதமாக வந்த பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற அன்று டெல்பர்ட் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். “இனிமே உன்னை ஒரு இடத்துல பதினஞ்சு நாளைக்கு மேல உக்கார விடமாட்டேன்.” இருந்த வீட்டை விற்று இந்தச் சக்கர வீட்டை வாங்கினார். ஆறு வருடமாகச் சொன்ன சொல் தவறவில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், அவருக்கு அலுத்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழிவுக் குழாயைக் கழற்றிச் சுருட்டும்போது வாழ்க்கையே வெறுத்துப்போகிறது. ஒரே மரத்தடியில் ஒரே நாற்காலியைப் போட்டு, வசந்தம் வரும்வரை எழுந்திருக்காமல் கிடக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அதை ஆர்லீனிடம் எந்த வாயால் சொல்வது?

ஆகவே எட்டாவது முறையாக அழுத்தினார். டிக்.

இந்த முகாம்களில் ஒரு மனிதன் தன் ட்ரெய்லருக்கு முன்னால் குனிந்தால் போதும். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்துவிடுவார்கள். வலதுபக்கத்து ஹார்லனும் எதிர்வரிசை ராய்ஸும் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்கள். தன் வண்டியில் எது கெட்டுப்போனதோ அதுதான் ஊரார் வண்டியிலும் கெட்டிருக்கும் என்பது இருவருடைய அசையாத நம்பிக்கை.

“மோட்டார் போச்சு,” என்றார் ஹார்லன், பார்க்காமலே. “என்னோடது போன வருஷம் இப்படித்தான் டிக்கு டிக்குன்னுச்சு.”

“மோட்டாராவது மண்ணாவது! பேட்டரி செத்துப்போச்சுய்யா,” என்றார் ராய்ஸ். “டெக்ஸஸ்ல எனக்கு இதேதான்.”

“டெக்ஸஸ்ல உனக்கு நடந்ததெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். விடு.”

ராய்ஸ் விடவில்லை. தன் வண்டியை அருகில் ஓட்டிவந்து, அதன் பேட்டரியிலிருந்து டெல்பர்ட்டின் பேட்டரிக்குக் கனத்த வயர் இரண்டை இழுத்து மாட்டினார். பட்டென்று ஒரு தீப்பொறி பறந்தது. ஏதோ கருகிய வாடை வந்தது.

“டெல்பர்ட்! ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு! விளக்கும் எரியல!” என்று உள்ளிருந்து ஆர்லீன் கத்தினாள்.

“என்னய்யா பண்ணித் தொலைச்ச?”

“சிவப்பு எது, கறுப்பு எதுன்னு தெரியல. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கேன்ல.”

“கழட்டிட்டுப் பாத்திருக்கலாமே?”

“அதுலதான் பவர் இருக்கு. கழட்டினா வயரே தெரியாது.”

இனி மின்சாரத்தை நம்பிப் பயனில்லை. கையால் சுற்றும் கைப்பிடி ஒன்று எங்கோ இருந்தது. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, குளிர்காலப் போர்வைகள், இறாலடைத்த டப்பாக்கள், யாரும் விளையாடாத சதுரங்கப் பலகை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, அரைமணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்தார் டெல்பர்ட். எழுந்தபோது தலை கட்டிலில் இடித்தது.

“இன்னிக்கே போயாகணுமா?” என்று ஆர்லீன் கேட்டாள்.

குரல் தழுதழுத்தது. பாவம், மனம் விட்டுப்போய்விட்டாள் என்று நினைத்தார் டெல்பர்ட். “கண்டிப்பாப் போறோம். நீ கவலைப்படாதே,” என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

சுற்றினார். இருபது சுற்றுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஹார்லன் எண்ணிக்கை சொன்னார். ராய்ஸ் அந்த எண்ணிக்கை தப்பு என்றார். எழுபதோ எழுபத்தைந்தோ, அந்தச் சுற்றில் ‘டணார்’ என்று ஒரு சத்தம். இரண்டு கால்களையும் ஒன்றாகச் சுழற்றும் குறுக்குத்தண்டைப் பிணைத்திருந்த ஆணி ஒடிந்துவிட்டது. டெல்பர்ட் அது தெரியாமல் இன்னும் பத்துச் சுற்று சுற்றினார். வலதுகால் மட்டும் நீண்டது. இடதுகால் இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு ஒருச்சாய்ந்து கிறீச்சிட்டது. உள்ளே அலமாரி திறந்து தட்டுகள் வரிசையாக விழுந்து உடைந்தன.

ஆர்லீன் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“போதும் டெல்பர்ட்! உன்னைக் கும்பிடறேன், விட்டுடு. மெக்கானிக் வரட்டும். நாலு நாள் ஆனா ஆகட்டும்.”

“நாலு நாளா? பதினோரு மணிக்கு நீ ரோட்ல இருப்ப. இது என் வாக்கு!”

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு கிழவர்களும் ஆவலோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“கோவமாப் போறாங்க,” என்றார் ராய்ஸ்.

“போகாம? இத்தனை வருஷமா இவனைக் கட்டி மேய்க்கிறாங்களே,” என்றார் ஹார்லன். சொல்லிவிட்டுத் தன் வண்டியிலிருந்து ஒரு ஜாக்கியைக் கொண்டுவந்தார். “இடதுபக்கத்தை இதை வச்சுத் தூக்கிட்டா மட்டமாயிரும். அஞ்சே நிமிஷம்.”

ஜாக்கியைச் சரளைக்கல்மேல் வைத்தார்கள், புதைந்தது. அடியில் ஒரு பலகை கொடுத்தார்கள், தூக்கியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பலகை வழுக்கியது. மூவரும் தங்கள் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் பின்னால் குதித்தார்கள். வீட்டின் மொத்த பாரமும் கோணலாக இறங்கி, இடதுகால் முழங்கை மடங்குகிற மாதிரி மடங்கிப்போனது.

மூவரும் குனிந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ராய்ஸ் சொன்னார்: “மோட்டார் இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

இருவரும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு, சாப்பிட நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினார்கள். மணி பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

டெல்பர்ட் ட்ரெய்லர் கம்பெனிக்குப் போன் போட்டார். புதுக் கால் இண்டியானாவிலிருந்து வர வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றாள் ஒருத்தி. ஆறு வாரம்! அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. கட்டிய பெண்டாட்டி உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது நாற்காலியை எங்கே போடலாம் என்று மரம் பார்க்கிறவன் ஒரு மனிதனா?

சாய்ந்த தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார். ஆர்லீன் உடைந்த தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“கால் மடங்கிப்போச்சும்மா. ஆறு வாரம் இங்கயே கிடக்கணும்,” என்றார்.

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“என்னை மன்னிச்சுரு ஆர்லீன். சொன்ன சொல்லைக் காப்பாத்த முடியல.”

தோள்கள் இன்னும் அதிகமாகக் குலுங்கின. டெல்பர்ட்டுக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வெளியே ஒரு சின்ன பேட்டரி வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முகாமை நிர்வகிக்கும் ட்ரீனா, இடம் காலியாகிவிட்டதா என்று பதினோரு மணிக்குச் சுற்றி வருவது வழக்கம். டெல்பர்ட் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது. மடங்கிய காலைப் பார்த்து அவள் வாய்விட்டு அலறினாள்:

“ஐயையோ ஆர்லீன்! ‘இனிமே ஊர் சுத்த எனக்குத் தெம்பில்ல, அதைச் சொன்னா மனுஷன் ஒடைஞ்சு போயிருவாரு’ன்னு நீங்க அழுதீங்களேன்னு நான் ஒரே ஒரு வயரைத்தானே கழட்டிவிட்டேன், காலை யாருங்க ஒடிச்சா?”