இருபத்தாறரை நகம்

ஒரு காட்டில், பறக்கத் தெரியாதவர்கள் பறப்பதற்காகக் காத்துக் கிடக்கும் பாறை ஒன்று இருந்தது. அன்று காலை அந்தப் பாறையில் இருந்தவர்கள் வருமாறு: உடும்பு மாசிலாமணி, கீரி நாச்சியப்பன், முயல் குடும்பத்தில் அப்பா, அம்மா, குட்டிகள் மூன்று, ஒன்றாகவே வந்து ஒன்றாகவே முணுமுணுக்கும் எலிகள் நான்கு, அழுங்கு ஒன்று, காட்டுக்கோழி ஒன்று, ஆமை வெள்ளையம்மாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வந்திருந்த தவளை ஒன்று. ஆகப் பதினைந்து பேர். கோழிக்குத்தான் சிறகு உண்டே என்று கேட்கலாம். உண்டு. புதருக்கு மேலே போகாத சிறகைச் சிறகென்று எண்ணுவது சரியாகாது. முகப்பில் உட்கார்ந்திருந்த காகத்தைச் சேர்க்கவில்லை, அவர் அலுவலர்.

பாறைக்கு அப்பால் பெரிய பள்ளத்தாக்கு. அதற்கும் அப்பால் அக்கரைக் காடு. நடந்து போனால் ஒரு மழைக்காலம் முழுக்க ஆகும் என்பதால், நாரைகள் அங்கே ஒரு வான்சேவை நடத்திவந்தன. பயணி பிரம்புக் கூடையில் ஏறி உட்கார வேண்டும். நாரை கூடையை அலகில் கவ்விக்கொண்டு பறக்கும். மெதுவாகத்தான் பறக்கும். வழியில் குளம் தெரிந்தால் இறங்கி மீன் பிடித்துவிட்டுத்தான் கிளம்பும். ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

பயணம் முடிந்ததும் நாரை தன் இறகு ஒன்றைப் பயணிக்குக் கொடுக்கும். ஐம்பது இறகு சேர்த்தவர் 'பொன் இறகு' உறுப்பினர். அவருக்கு நிழலில் தனிப் பாறை, ஒரு பிடி ஈசல் வறுவல், எல்லோருக்கும் முன்பாகக் கூடையில் ஏறும் உரிமை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக, நாரை கழுத்தை வளைத்து, "வாங்க மாசிலாமணி ஐயா" என்று சொல்லும்.

மாசிலாமணிக்கு அது போதும். அவர் வளைத் தரகர். அக்கரையில் காலியாகும் வளைகளை இக்கரைக்காரர்களுக்குக் காட்டிக் கொடுப்பது தொழில். இத்தனை வருடத்தில் வளை வாங்கியவரும் விற்றவரும் அவரை "ஏ உடும்பு" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரை ஐயா என்ற உயிர் அந்த நாரை ஒன்றுதான். ஆகவே ஐம்பதை எட்டுவதற்காக, வேலையே இல்லாத நாட்களிலும் கூடையில் ஏறி அக்கரைக்குப் போய், காலைக் கீழே வைக்காமல் அதே கூடையில் திரும்பி வந்திருக்கிறார். இறகுகளை வளையின் சுவரெல்லாம் செருகி வைத்தார். மனைவி தங்கப்பொண்ணுவுக்கு ஓயாத தும்மல்.

"இந்த இறகைக் கொஞ்சம் வெளியில வைக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டாள்.

"தும்மினா தும்மு. இது அந்தஸ்து" என்றார் மாசிலாமணி.

அன்று அவரிடம் ஐம்பத்து மூன்று இறகுகள் இருந்தன. கீரி நாச்சியப்பனிடம் அறுபது. இருவரும் நிழல் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஈசல் தின்பது வழக்கம்.

"என்ன மாசிலாமணி, இன்னும் அம்பத்து மூணுலயே நிக்குது போல?" என்றது கீரி.

"ரொம்ப ஆடாதேய்யா. உன்னோடதுல பாதி உன் அண்ணன் பறந்தது. ஊருக்கே தெரியும்."

அப்போதுதான் காகம் தொண்டையைச் செருமியது. பலாவிலை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு படித்தது.

"பயணிகளின் மேலான கவனத்திற்கு. நாரை வான்சேவையும் கழுகு வான்சேவையும் இன்று முதல் இணைந்துவிட்டன என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். இந்த இணைப்பு முழுக்க முழுக்க உங்கள் நன்மைக்காகவே செய்யப்பட்டது. நாரைகள் அனைவரும் தாங்களாகவே விரும்பி ஓய்வு பெற்றுத் தெற்கே போய்விட்டார்கள். நேற்று இரவே போய்விட்டார்கள்."

"நேத்து ராத்திரியேவா? சொல்லாமக்கூடவா?" என்றாள் ஆமை வெள்ளையம்மாள்.

"விருப்பம் அவ்வளவு வேகமாக வந்தது" என்றது காகம்.

முயல் அம்மா குட்டிகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். முயல் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கழுகு சேவை எப்படிங்க? நல்லா இருக்குமா?"

"நாற்பது வருடச் சேவையில் பயணிகளிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை."

எலிகள் நான்கும் ஒன்றாக வியந்தன. நாரைகள் மீது அவை நான்கும் தனித்தனியாக எத்தனையோ புகார் கொடுத்திருந்தன. கூடை ஈரமாக இருக்கிறது, மீன் நாற்றம் அடிக்கிறது, காற்று அதிகம், காற்று போதாது என்று. புகாரே வராத சேவை என்றால் அது எப்பேர்ப்பட்ட சேவையாக இருக்க வேண்டும்!

"கழுகுல அடிக்கடி பறந்தவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே?" என்றாள் வெள்ளையம்மாள்.

"அடிக்கடி என்று யாரும் இல்லை. எல்லோரும் ஒரே பயணத்தில் நிறைவடைந்துவிடுகிறார்கள்."

"திரும்பி வர்ற சீட்டு?" என்று கேட்டது தவளை.

"இதுவரை யாரும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு, காகம் பலாவிலையைத் திருப்பிப் பிடித்தது.

பின்பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. இனி இறகு கிடையாது, நகம். பழைய இறகு இரண்டுக்குப் புதிய நகம் ஒன்று. உங்கள் இறகு எதுவும் பறிக்கப்படாது, அதன் மதிப்பு மட்டுமே மாறும். அரை நகம் கணக்கில் வராது. இருபத்தேழு நகமும் அதற்கு மேலும் உள்ளவர் 'பொன் நகம்' உறுப்பினர். நிழலும் ஈசலும் முன்னுரிமையும் அவருக்கே. மற்ற எல்லோரும் வெயிலில் ஒரே வரிசை.

மாசிலாமணி மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். இருபத்தாறரை. மறுபடி வகுத்தார். அரை நகம் போனால் இருபத்தாறு. நிழல் பாறையின் குளுமை சட்டென்று வயிற்றுக்கடியில் சுட்டது.

கீரிக்கு வகுக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எழுந்து மீசையைத் தடவிக்கொண்டது. "எனக்கு முப்பது வருது. ஓய் மாசிலாமணி, கொஞ்சம் நகந்துக்குறீரா? இது பொன் நகத்துக்கான பாறையாம்."

காகம் மஞ்சள் பூசிய பழைய கழுகு நகம் ஒன்றைக் கொடியில் கோத்துக் கீரியின் கழுத்தில் கட்டியது. "முதலில் ஏறும் உரிமை உங்களுக்கே, ஐயா" என்றது.

ஐயா என்ற சொல் மாசிலாமணியின் காதில் விழுந்தது. தனக்கு இல்லாமல் வேறொருவருக்கு மட்டும் அது சொல்லப்பட்டு அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

பாறை மேல் ஒரு நிழல் விழுந்தது. கழுகு வந்து இறங்கியது.

"கூடை எங்கே?" என்றது கீரி.

"கூடை பழைய முறை. இது நேரடிப் பிடி" என்றது காகம்.

"சாப்பாடு?"

"உண்டு. பயணியையும் சேர்த்தே திட்டமிட்டிருக்கிறோம்."

கீரி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் நின்றது. கழுகு பிடித்தது. எழும்பியது. அக்கரைப் பக்கம் போகாமல் மலையுச்சிப் பக்கம் திரும்பியது.

"அக்கரை அந்தப் பக்கமில்ல!" என்று கத்தினாள் வெள்ளையம்மாள்.

"இணைப்புப் பயணம். உச்சியில் இறங்கி மாறிப் போவார்" என்றது காகம். நிறுவனங்கள் இணைந்தாலும் இணைப்பு, வழியில் இறங்கி மாறினாலும் இணைப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போனதால் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

கொஞ்ச நேரத்தில் கழுகு திரும்பி வந்து பாறையில் அலகைத் தேய்த்துத் துடைத்தது. அந்த மஞ்சள் நகத்தைக் காகத்தின் முன்னால் போட்டது. கொடியில் பழுப்பு நிற முடி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மாசிலாமணி எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கண் கூர்மையானது. அலகைப் பார்த்தார், சாப்பாடு நல்ல சாப்பாடாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். முடியைப் பார்த்தார், இந்தக் கீரிக்கு எப்போதுமே சுத்தம் போதாது என்று நினைத்தார். நகத்தைப் பார்த்தார், அது தன் கழுத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தார்.

முகப்புக்குப் போனார்.

"சார், எனக்கு இருபத்தேழு வரணும்."

"இருபத்தாறு" என்றது காகம்.

"போன ஆடியில நான் ஒரு தடவை கிளம்பினேன். பாதி வழியில புயல் அடிச்சு நாரை திரும்பிடுச்சு. அதுக்கு இறகு தரல. அதைச் சேத்தா அம்பத்து நாலு. வகுத்துப் பாருங்க."

"போய்ச் சேராத பயணம் பயணமாகாது, ஐயா... மன்னிக்கவும். பயணமாகாது, உடும்பு."

அந்தத் திருத்தம்தான் அவரை உசுப்பிவிட்டது. மாசிலாமணி முன்னங்கால் இரண்டாலும் காகத்தின் காலைப் பிடித்துக்கொண்டார். உடும்புப் பிடி என்று பெயருக்கா சொல்கிறார்கள்? காகம் உதறியது, கொத்தியது, மேலதிகாரியைக் கூப்பிடுவேன் என்றது.

"கூப்பிடுங்க. மேலதிகாரிகிட்டயே பேசுறேன்."

கழுகு கிளையில் உட்கார்ந்து ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாள் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, விட்டுடுங்க. போன கீரி வரல. நகம் மட்டும் வந்திருக்கு. பாத்தீங்கள்ல?"

"அவன் அக்கரையில இருப்பான்மா."

"அந்த முடி?"

"இதோ பாரு வெள்ளையம்மா, உங்கிட்ட எத்தனை இறகு இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நான் இதுவரைக்கும் ஏறினதே இல்ல. கூடை தாங்காதுன்னு ஒவ்வொரு தடவையும் அடுத்த முறைன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப உனக்கு இது புரியாது. இல்லாதவங்களுக்கு இருக்கிறவங்களைப் பாத்தா இப்படித்தான் தோணும்."

அவள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. மாசிலாமணி பிடியை விடவில்லை. கடைசியில் காகத்தின் கால் மரத்துப்போயிற்று. அது கழுகைப் பார்த்தது. கழுகு தலையசைத்தது.

"நிறுவனம் உங்கள் நெடுநாள் விசுவாசத்தைக் கருதி, நல்லெண்ண அடிப்படையில் அரை நகம் வழங்குகிறது" என்றது காகம். "இருபத்தேழு. வாழ்த்துகள், ஐயா."

மாசிலாமணி பிடியை விட்டார். கண் கலங்கிவிட்டது. காகம் அந்த மஞ்சள் நகத்தை இலையில் துடைத்து அவர் கழுத்தில் கட்டியது.

"ஈரமா இருக்கே. இது புதுசா?"

"புதுப்பிக்கப்பட்டது."

நிழல் பாறையில் உட்கார்ந்து ஒரு பிடி ஈசல் தின்றார். அவசரப்படாமல், எல்லோரும் பார்க்கும்படி தின்றார். தங்கப்பொண்ணு இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு, "மாசிலாமணி ஐயா மட்டும் முன்னால் வரலாம்" என்று காகம் கூப்பிட, வரிசை முழுவதும் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. முயல் அப்பா குட்டிகளிடம், "பாத்துக்குங்க, விடாமுயற்சின்னா இதுதான்" என்று சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

பிடி கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் நாரையைப் போல ஆடவில்லை, குளத்தில் இறங்கவில்லை. கீழே பாறை ஒரு கூழாங்கல் அளவுக்குச் சுருங்கியது. அதில் வெயிலில் நிற்பவர்கள் எறும்புகளாகத் தெரிந்தார்கள். இத்தனை உயரத்தில் அவர் இதற்குமுன் பறந்ததில்லை. கொடுத்த மரியாதைக்குத் தகுந்த உயரம் என்று நினைத்துக்கொண்டார். மலையுச்சி நெருங்கியது. கீரியை அங்கே காணவில்லை. இணைப்புப் பறவை கிடைத்துப் போயிருப்பான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"ஏம்ப்பா, இன்னிக்குப் பயணத்துக்கும் நகம் சேரும்ல?" என்று கேட்டார்.

"சேரும் ஐயா" என்றது கழுகு. "என் காலில் இருக்கிற எட்டும் சேரும்."

சேர்ந்தன.

பாறையில், கழுகு அலகைத் துடைத்துவிட்டு நகத்தைப் போட்டது. காகம் அதை இலையில் துடைத்தது. "பயணிகளின் மேலான கவனத்திற்கு. உறுப்பினர் இடம் இரண்டு காலியாக இருப்பதால், பொன் நகத்துக்கான தகுதி இன்று ஒருநாள் மட்டும் மூன்று நகமாகக் குறைக்கப்படுகிறது."

எலிகள் நால்வரும் தங்கள் இறகுகளை ஒன்றாகக் கொட்டி எண்ணத் தொடங்கினார்கள். முயல் அப்பா குடும்பச் சலுகை உண்டா என்று விசாரித்தார். அழுங்கு, கோழி முந்திக்கொண்டதாகச் சண்டை போட்டது.

வெள்ளையம்மாள் ஓட்டிலிருந்து தலையை நீட்டினாள். மலையுச்சியைப் பார்த்தாள். மஞ்சள் நகத்தைப் பார்த்தாள். முன்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"என்ன இருந்தாலும் வரிசை நகருதே" என்று சொல்லி, இரண்டு பேர் இடத்துக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தவளை அவள் பின்னால் நகர்ந்தது.

நீதி: உரிமைக்காகக் கடைசி அரை நகம்வரை போராடு, முன்னுரிமை உள்ளவரை யாரும் காக்கவைத்துத் தின்பதில்லை.

மீதி: பதின்மூன்று பேர்.