மஞ்சள் சீட்டு கட்டிய போன்

அம்பத்தூர் எஸ்டேட்டில், செவப்புச்சீட்டு என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தவரிடம் முதல் தடவையே பாஸான பொருள் என்று எதுவும் கிடையாது. தன் கல்யாணத்தில் தாலியை வெர்னியரில் அளந்து பார்த்த பிறகுதான் கட்டினார் என்று எங்கள் கம்பெனியில் சொல்வார்கள். நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஸ்பிரிங் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் அவர்தான் குவாலிட்டி. தேறாத சரக்குக்குச் சிவப்புச் சீட்டு, முடிவு தெரியாததற்கு மஞ்சள், தேறியதற்குப் பச்சை கட்ட வேண்டும். பச்சைச் சீட்டுக் கட்டு அவர் மேஜையில் பிரிக்கப்படாமலே பழுத்துக் கிடந்தது. கேன்டீன் வடையில் ஓட்டை நடுவில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"இன்னா அண்ணாத்தே, வடைய துன்னப்போறியா, ஓட்டைய துன்னப்போறியா?" என்று கேன்டீன் மாஸ்டர் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"ரெண்டுக்கும் சேத்துதானே காசு குடுக்கறேன்" என்றார் இவர்.

இப்படிப்பட்டவரிடம் போய் முதலாளி ஒரு போனைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் கீபோர்டு முழுவதையும் பிஸ்கட் அளவில் சுருக்கிப் போனில் ஒட்டி விற்க ஆரம்பித்திருந்த காலம் அது. போகிற வழியிலேயே மெயில் பார்க்கலாம், பதில் அடிக்கலாம் என்று விற்க வந்தவர் அளந்துவிட்டுப் போயிருந்தார். சேல்ஸில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் வாங்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிரமாதம் என்று எழுதியிருப்போம். அதனால்தான் முதலாளி எங்களிடம் கொடுக்கவில்லை.

செவப்புச்சீட்டு முதல் வேலையாகப் போனுக்கு மஞ்சள் சீட்டு கட்டினார். அடுத்து பட்டனை அளந்தார், பிறகு தன் கட்டைவிரலை அளந்தார். "பட்டன் ஆறு மில்லி, வெரலு பத்தொம்பது மில்லி. இத்த யாரு அமுக்கறது, எறும்பா?" என்று முதலாளியிடமே கேட்டார்.

போகிற வழியில் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, ஒரு வழியையும் விட்டுவைக்கவில்லை. திருநின்றவூரிலிருந்து வருகிற லோக்கலில், வாசலில் நின்றபடி தனக்குத்தானே மெயில் அனுப்பிக்கொள்வார். பட்டாபிராமில் போகவில்லை, ஆவடியில் போனது ஆனால் வரவில்லை, அண்ணனூரில் போனதும் வந்தது என்று நோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஐயப்பன்தாங்கல் பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து ஒரு மெயில், நின்று ஒரு மெயில், கண்டக்டர் திட்டும்போது ஒரு மெயில். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: இது சோதனை, பதில் வேண்டாம். அதற்கு மறுநாள் அவரே பதிலும் போடுவார்.

தகரக் கூரை போட்ட எங்கள் கம்பெனிக்குள் சிக்னல் எங்குமே கிடையாது. ஒரே விலக்கு, அவர் கழித்துக்கட்டிய ஸ்பிரிங்குகளைக் கொட்டிப் பூட்டி வைத்திருந்த பின்பக்கக் கூண்டு. சாவி அவர் இடுப்பில். மூன்று வாரம் ஓடியும் மஞ்சள் சீட்டு அவிழவில்லை.

நான் விருதுநகரிலிருந்து வந்து அங்கே சேர்ந்து நாலு மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. முந்தின மாதம் புனே கம்பெனி ஒன்றுக்கு விலைப்பட்டியலைக் கெடு தாண்டி அனுப்பி ஆர்டரைக் கோட்டை விட்டிருந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று முதலாளி சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், அப்போதுதான் ஸ்கூலில் சேர்த்திருந்தோம். அதே புனேக்காரர்கள் மறுபடி விலை கேட்டார்கள். நாலு மணிக்குள் மெயிலில் வர வேண்டும். மூன்று மணிக்கு எஸ்டேட் முழுவதும் கரண்ட் போனது.

ஓடினேன். "அண்ணே, அந்தப் போனைக் குடுங்க. ஒரே ஒரு மெயில்."

"அது ஹோல்டுல கீது நைனா. பாஸாவாத பொருள எப்டி யூஸ் பண்றது?"

"வேலை போயிரும்ணே."

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். இன்னும் தேறாத பொருளை அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை பயன்படுத்த அனுமதிக்கிற படிவம். பின்னால் ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். முதலாளியே கெஞ்சியும் அவர் அதில் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது போடப் போகிறார், சரி. ஆனால் மூன்று நகல் எழுதினார். தலைப்புக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மூன்று பத்து, மூன்று இருபது என்று நேரம் ஓடியது. கடித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

பிறகு கூண்டைத் திறந்தார். ஸ்பிரிங் குவியல் மேல் ஏறி நின்றோம். ஒவ்வொரு அடிக்கும் அது எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் பட்டியலைப் படிக்க, நான் கட்டைவிரல் நோக அடித்தேன். அடித்து முடித்ததும் அனுப்பவிடாமல் போனைப் பிடுங்கி, பென்சிலால் டிக் போட்டு வரி வரியாகச் சரிபார்த்தார்.

"நாப்பத்தொண்ண பதினாலுன்னு அடிச்சிகீற நைனா."

அந்த விலைக்கு ஆர்டர் வந்திருந்தால் எனக்கு மட்டுமல்ல, கம்பெனிக்கே சங்குதான். திருத்தி அனுப்பும்போது நாலு மணிக்கு ஆறு நிமிடம்தான் பாக்கி. புனேயிலிருந்து பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததும் நான் அப்படியே ஸ்பிரிங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் வந்தது, வேலையும் நிரந்தரமானது. போனுக்குப் பச்சை கட்டுவார் என்று நினைத்தேன். சிவப்பைக் கட்டினார். ஒரு மெயில் அனுப்ப இரண்டு ஆள் தேவைப்படுகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். முதலாளி போனை விற்க வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து ஆடிட்டுக்காக ஃபைல்களை எடுத்துக் கொடுத்தபோது அந்தப் படிவம் கையில் கிடைத்தது. காரணம் என்ற கட்டத்தில் கரண்ட் இல்லை என்று எழுதியிருப்பார் என்றுதான் நினைத்தேன். 'நல்ல ஆள், போகக் கூடாது' என்று இருந்தது. மீண்டும் அனுமதிக்கலாமா என்ற கட்டத்தில், 'இவர் கேட்டால் மட்டும்.'

அவரிடம் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆனால் எதைச் சொன்னாலும் எழுத்தில் கொடு என்று கேட்கிற மனிதர். இதோ, எழுத்தில் கொடுக்கிறேன்: அண்ணே, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.